எழுதிக்கொள் என்று தொடங்கும் கவிதைகள்

பர்மாவில் ஒருவருடைய அட்டை எண்ணைப் பார்த்தால் போதும், அவர் கதையில் பாதி தெரிந்துவிடும். முதலில் மாநில எண். ரங்கூன் என்றால் 12, மோன் மாநிலம் என்றால் 10, பெகு என்றால் 7. ஒரு சாய்கோடு. அப்புறம் டவுன்ஷிப்பின் பெயர்ச்சுருக்கம். அதற்கடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரே ஓர் அசை, கடைசியில் ஆறு இலக்கங்கள். அந்த அடைப்புக்குறிக்குள் ‘நைங்’ என்றிருந்தால் முழுக் குடிமகன், ரோஸ் அட்டை. ‘ஏ’ என்றிருந்தால் இணைக் குடிமகன், நீல அட்டை. ‘ப்யு’ என்றிருந்தால் குடியுரிமை வழங்கப்பட்டவர், பச்சை அட்டை. ரங்கூனிலும் மோல்மேனிலும் தட்டோனிலும் தமிழர் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை என்று கேட்பவர்கள் அட்டை என்ன கலர் என்பதையும் சுற்றி வளைத்தாவது கேட்டுவிடுவார்கள்.

குடிபெயர்வு, குடியுரிமை, ஆவணம் இல்லாத வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளாக உலகெங்கும் எழுதப்படும் கவிதைகளைப் படிக்க இந்த அட்டை எண் நல்ல பாடம். இவற்றைத் தமிழில் பொதுவாகப் புலம்பெயர் ஏக்கம் என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ஊர் நினைப்பு, அம்மா கைச் சாப்பாடு, மழை, மண்வாசனை என்று. அப்படிப்பட்ட கவிதைகள் இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன. ஆனால் ஆவணம் இல்லாதவர் எழுதும் கவிதையின் குரல் வேறு. அது ஊரைப் பார்த்துப் பேசுவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைப் பார்த்துப் பேசுகிறது.

பர்மாவில் அந்த மேசை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டுக் கவிதைக்குப் போகலாம்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகக் கூலிகள், நெல் ஆலைத் தொழிலாளர்கள், மேஸ்திரிகள் கூட்டிவந்த அறுவடை ஆட்கள், வட்டிக்கடைச் செட்டியார்கள் எல்லாரும் ஒரே சாம்ராஜ்யத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்தவர்கள். பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டதும், வீட்டைவிட்டு நகராதவர்கள்கூட வெளிநாட்டுக்காரர்கள் ஆகும் வழி திறந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியா போனார்கள். எத்தனை பேர் வழியில் செத்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது.

சுதந்திரம் 1948 ஜனவரி 4-இல் வந்தது. அந்த வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் ஓரளவு தாராளமானது. குறிப்பிட்ட ஆண்டுகள் நாட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம். ஏராளமான தமிழர்கள் விண்ணப்பிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, வயலை விட்டு டவுனுக்குப் போக நேரமில்லை, இங்கேதானே இருக்கிறோம், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம். விண்ணப்பிக்காதவர்களுக்கு வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழ் என்ற சிறு புத்தகம் வந்து சேர்ந்தது. வருஷாவருஷம் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவராக முத்திரை வாங்கிய தாத்தாக்களின் அந்தப் புத்தகத்தைப் பல வீடுகளில் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது அவமானச் சின்னம்தான், ஆனால் தூக்கிப் போட முடியாது. பேரப்பிள்ளைக்கு அட்டை எடுக்கும்போது, இந்த நாட்டில் எத்தனை தலைமுறை இருக்கிறோம் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் தேசியமயமாயின. அந்த மே மாதம் 50, 100 ச்சாட் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. அந்தச் சில வருஷங்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள். சென்னை பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கும் பர்மா காலனிகளும், அத்தோ கடைகளும் அப்படி வந்தவைதான். போகாதவர்கள் மீது 1982 அக்டோபரில் புதிய குடியுரிமைச் சட்டம் விழுந்தது. 1823-க்கு முன்பே, அதாவது முதல் ஆங்கில-பர்மியப் போருக்கு முந்தைய வருஷத்துக்கு முன்பே, இந்த மண்ணில் குடியிருந்த இனங்கள்தான் தேசிய இனங்கள் என்றது அது. அரசின் பட்டியலில் அவை 135. தமிழர் அதில் இல்லை. நம் ஆட்களில் பெரும்பாலோர் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன 1852-க்குப் பிறகு வந்தவர்கள். கணக்கு எங்கே உதைக்கிறது என்பது புரியும். ஏற்கெனவே குடிமக்களாக இருந்தவர்களுக்கு அந்தத் தகுதி தொடரும் என்று சட்டம் சொன்னது. மற்றவர்கள் இணைக் குடிமகன் அல்லது வழங்கப்பட்ட குடிமகன் ஆக வேண்டும். இந்த இரண்டு வகையையும் அரசு நினைத்தால் திரும்பப் பறிக்கலாம். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகள் இவர்களுக்கு நெடுங்காலம் எட்டாக்கனி.

சரி, கவிதைக்கு வருவோம்.

நே வின் கடைகளைப் பிடுங்கிய அதே 1964-இல்தான் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் ‘அடையாள அட்டை’ கவிதை புத்தகத்தில் வந்தது. இலங்கை மலையகத் தமிழரைப் பிரித்துக்கொள்ள சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டதும் அதே வருஷம் அக்டோபரில்தான். மூன்றுக்கும் தொடர்பு கிடையாது, ஆனாலும் அந்த வருஷத்தை நினைக்கும்போது மூன்றும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. தர்வீஷின் கவிதையில் பேசுபவன் அதிகாரியிடம் எழுதிக்கொள் என்கிறான். நான் அரபி, என் அட்டை எண் ஐம்பதாயிரம், எட்டுப் பிள்ளைகள், ஒன்பதாவது கோடைக்குப் பிறகு வரும். தர்வீஷுக்கு இது கற்பனை இல்லை. 1948-இல் குடும்பத்தோடு லெபனானுக்கு ஓடித் திரும்பி வருவதற்குள் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. உள்ளே இருக்கிறார், ஆனால் பதிவேட்டில் இல்லை.

கவிதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஒரு படிவத்தின் கட்டங்கள் வரிசையாக நிரப்பப்படுகின்றன. இனம், எண், பிள்ளைகள், தொழில், தந்தை, விலாசம், தலைமுடி நிறம், கண் நிறம். வழக்கமாகக் கேள்வி அதிகாரியுடையது, பயம் நம்முடையது. இங்கே சொல்பவன் ஆணையிடுகிறான், அதிகாரி எழுதுகிறார். படிவத்தில் ஒரு கட்டத்தையும் கவிஞர் மாற்றவில்லை. யார் யாருக்கு உத்தரவு போடுவது என்பதை மட்டும் மாற்றினார்.

ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து இதே அமைப்பு அசாமில் முளைத்தது. அங்கே வங்காள வம்சாவளி முஸ்லிம்களை மியா என்று இழிவாகக் கூப்பிடுவார்கள். பர்மாவில் நம்மைக் கலா என்கிறார்களே, கிட்டத்தட்ட அந்தத் தொனி. 2016-இல் ஹாஃபிஸ் அகமது எழுதிய கவிதை எழுதிக்கொள், நான் மியா என்று ஆரம்பிக்கிறது. அடுத்து, தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் தன் வரிசை எண்ணைச் சொல்கிறது. இரண்டு பிள்ளைகள், அடுத்த கோடையில் இன்னொன்று. தர்வீஷிடமிருந்து எடுத்ததை மறைக்கவே இல்லை. அதன் பிறகு பலர் எழுத, மியா கவிதை என்றே ஓர் இயக்கம் ஆனது. 2019 ஜூலையில் இந்தக் கவிஞர்கள் உட்படப் பத்துப் பேர் மீது குவாஹாட்டியில் போலீஸ் வழக்குப் பதிவானது. அடுத்த மாதம் 31-ஆம் தேதி பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வந்தபோது 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் அதில் இல்லை.

இரண்டு கவிதைகளிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை வருவது தற்செயல் இல்லை. பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர்களை மிகவும் பயமுறுத்தும் எண் அதுதான்: இவர்கள் பெருகுகிறார்கள் என்ற பயம். கவிதை அந்த எண்ணை ஒளிக்காமல் முன்னால் வைக்கிறது. இதில் ஒரு குறும்பு இருக்கிறது. அழுகைக் கவிதையாக மட்டும் படிப்பவர்களுக்கு அது தப்பிவிடும்.

நம் ஊர் நிலைமைக்கு இதைக் கொண்டுவந்து பார்க்கலாம். பர்மாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பப் பட்டியல் உண்டு, 66/6 என்ற எண்ணுள்ள படிவம். அதில் பெயர் ஏறாவிட்டால் பள்ளிக்கூடம், அட்டை, வேலை எல்லாமே சிக்கல். குழந்தை பிறந்ததும் அதில் பெயர் ஏற்றுவதற்காக லவக ஆபீசுக்கு அலைவது எல்லா வீட்டிலும் நடக்கும். லவக என்றால் குடிவரவுத் துறை. பர்மியச் சுருக்கப் பெயரையே நாங்களும் சொல்வோம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த இரண்டே வாரத்தில், வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியின் பெயரையும் வார்டு ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. அக்கா வீட்டுக்கு வந்த தம்பியும் விருந்தாளிதான்.

அட்டையில் இன்னொரு கட்டம் இருக்கிறது, இனம்/மதம். என் உறவுக்காரப் பெண்ணுக்கு அட்டை எடுக்க ஒரு டவுன்ஷிப் ஆபீசுக்குப் போனோம். அப்பா தமிழர், அம்மாவின் அம்மா மோன். குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு, தாத்தா என்ன, பாட்டி என்ன, அவங்க அப்பா என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் ‘இந்தியா + மோன்/இந்து’ என்று எழுதினார். கூட்டல் குறி உண்மையாகவே அட்டையில் இருக்கும். கலப்புக் குடும்பம் என்றால் மூன்று, நான்கு பெயர்கள் கூட்டல் குறியோடு வரிசையில் நிற்கும். தமிழ் என்று எழுதச் சொன்னால், சாயா (ஐயா என்பதற்குப் பர்மியச் சொல்), அப்படி ஒரு இனம் பட்டியலிலேயே இல்லையே என்பார்கள், கோபமில்லாமல்தான். ஒரு நல்ல கவிஞருக்கு அந்தக் கூட்டல் குறி ஒன்று போதும். ஊர் நினைப்பைப் பற்றி நூறு வரி எழுதத் தேவையில்லை.

இதே நாட்டில் இதே சட்டத்தின் கீழ் எல்லாரையும்விடக் கொடூரமாக அடிபட்டவர்கள் ரோஹிங்யாக்கள். எங்கள் நீலமும் பச்சையும் அவர்கள் பட்டதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, இதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. தற்காலிக வெள்ளை அட்டை கொடுத்து வைத்திருந்தார்கள். 2015 மார்ச் முடிவில் அதுவும் செல்லாது என்றார்கள். அதற்கு முந்தைய வருஷத்துக் கணக்கெடுப்பில் தங்களை ரோஹிங்யா என்று எழுதச் சொன்னவர்களை எழுதாமலே விட்டார்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். காக்ஸ் பஜார் முகாம்களில் ஒரு கவிதை அலை எழுந்தது. மய்யூ அலி போன்ற இளைஞர்கள் பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தங்கள் மொழியிலும் எழுதினார்கள். 2019-இல் இங்கிலாந்தில் அவர்களுடைய தொகை நூல் ஒன்று வந்தது, தலைப்பே ‘நான் ஒரு ரோஹிங்யா’. இலக்கிய ரசனையில் ஊறியவர்களுக்கு இந்த நேரடித் தலைப்பு கொஞ்சம் தட்டையாகப் படலாம். எனக்கும் சில கவிதைகள் அப்படித்தான் பட்டன. ஆனால் அந்தச் சொல்லை எந்தப் படிவத்திலும் எழுத விடாத நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, அட்டைப்படத்தில் அதை அச்சிடுவது ஒரு சட்டச் செயல்.

சட்ட மொழியையே கவிதைக்கு மூலப்பொருளாக எடுப்பவர்களும் உண்டு. கனடாவின் நூர்பெஸே பிலிப், அடிமைகளைக் கடலில் எறிந்த ஒரு கப்பலின் காப்பீட்டு வழக்கில் 1783-இல் வந்த அறிக்கையின் சொற்களை மட்டும் உடைத்து, கலைத்து ஒரு புத்தகமே எழுதினார். படிக்கக் கடினம், எல்லாருக்கும் பிடிக்காது.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எல் சால்வடாரில் பிறந்த ஹாவியேர் சமோரா, ஒன்பது வயதில், 1999-இல், பெற்றோர் துணையில்லாமல் குவாத்தமாலா, மெக்சிகோ, சோனோரன் பாலைவனம் தாண்டி அமெரிக்கா போனவர். 2017-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பு அந்தப் பயணத்தைப் பற்றியது. அதற்கு முன்னால் அவரும் மார்செலோ ஹெர்னாண்டஸ் காஸ்டில்யோவும் கிறிஸ்டோபர் சோட்டோவும் சேர்ந்து 2015-இல் ஒரு வேலை செய்தார்கள். அங்கே புதுக் கவிஞர்கள் முதல் புத்தகம் போடுவதற்குப் பெரிய வழி, பதிப்பகங்கள் நடத்தும் முதல் நூல் போட்டிகள். அவற்றில் பலவற்றின் விதியில், கலந்துகொள்பவர் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுங்கள் என்று மனு எழுதினார்கள். பல போட்டிகள் எடுத்தன.

இந்த மனு எனக்கு அவர்களுடைய கவிதைகளைவிட அதிகம் சொல்கிறது என்றால் கவிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. குடியுரிமை இல்லாதவர் பற்றிய கவிதைக்குப் பரிசு உண்டு, குடியுரிமை இல்லாதவருக்குக் கிடையாது என்ற நிலைமை அதுவரை யார் கண்ணையும் உறுத்தவில்லை.

தமிழில் இந்த வகைக் கவிதைக்கு ஒரு முன்வரலாறு இருக்கிறது, அது இலங்கை மலையகத்தில். சி.வி. வேலுப்பிள்ளை 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று நாடாளுமன்றம் போனவர். மறு வருஷமே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்து ஓட்டும் போனது. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளும் சேகரித்த நாட்டார் பாடல்களும் இந்தச் சட்டத்தின் நிழலில்தான் படிக்கப்பட வேண்டியவை. மலையகத்தில் அதன் பிறகும் கவிதை நிற்கவில்லை. நாடற்றவர் என்ற சொல்லே அங்கே ஓர் இலக்கியப் பொருள் ஆகிவிட்டது.

பர்மாவில் ஏன் அப்படி நடக்கவில்லை? திறமை இல்லாமல் இல்லை. ரங்கூனில் தமிழ் நாளிதழ்கள் நடந்த காலம் உண்டு. 1965-இல் தனியார் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1966 தொடக்கத்தோடு பர்மிய, ஆங்கிலப் பத்திரிகைகள் தவிர மற்ற மொழி நாளிதழ்களுக்கு அனுமதி இல்லை என்றானது. எழுதுபவர்களும் படிப்பவர்களும் கப்பலில் போய்விட்டார்கள், மிச்சமிருந்தவர்களுக்கு அச்சும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறையில் நடக்கும் தமிழ் வகுப்புகளில் அரிச்சுவடி பிழைத்துக்கொண்டது; அதற்குப் பாடுபட்டவர்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அரிச்சுவடியிலிருந்து கவிதை தூரம். இன்று ரங்கூனில் தமிழ் பேசும் இருபது வயதுப் பையன் மனசில் உள்ளதை எழுத நினைத்தால் பர்மிய எழுத்தில்தான் எழுதுவான். தமிழை வாயால் பேசுவான், கோயிலில் தேவாரம் பாடுவான், எழுத்துக்கூட்டி எழுதச் சொன்னால் சிரிப்பான்.

இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. திரும்பப் பறிக்கக்கூடிய குடியுரிமை வைத்திருப்பவர் கையெழுத்துப் போட்டு எதையும் எழுத யோசிப்பார். நம்மில் பலருக்கு இரண்டு பெயர்: வீட்டில் ஒன்று, அட்டையில் மவுங் என்றோ மா என்றோ தொடங்கும் பர்மியப் பெயர் ஒன்று. கவிதைக்குக் கீழே எந்தப் பெயரைப் போடுவது? வீட்டுப் பெயரைப் போட்டால் யாரென்று தெரியாது, அட்டைப் பெயரைப் போட்டால் நன்றாகவே தெரியும். வாயை மூடிக்கொண்டு இருப்பதே பிழைக்கும் வழி என்று மூன்று தலைமுறை கற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று சென்னையில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2021 மார்ச்சில் கவிஞர் கே ஸா வின் மோனியுவாவில் ஊர்வலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மே மாதம், அவர்கள் தலையில் சுடுகிறார்கள், புரட்சி இதயத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் எழுதிய கெட் தி, விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டு மறுநாள் பிணமாகத் திரும்பினார். இருவரும் பர்மியர்கள், அட்டையில் எந்தக் குறையும் இல்லாதவர்கள். மறு வருஷம் ராணுவ அரசு தன் எதிரணித் தலைவர்கள் சிலரின் குடியுரிமையையே ரத்து செய்தது. முழுக் குடிமகன் என்பதும் நிபந்தனையோடு வருவதுதான் என்று பெரும்பான்மை இனத்தவர்கள் அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டார்கள். ரோஹிங்யாக்களிடம் மன்னிப்புக் கேட்கும் பதிவுகள் அந்தக் காலத்தில் பர்மிய மொழியில் நிறைய வந்தன. கவிதையின் பார்வையும் அதோடு சேர்ந்து கொஞ்சம் அகன்றது என்றே நினைக்கிறேன்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலானதும் இளைஞர்கள் எல்லை தாண்ட ஆரம்பித்தார்கள். தாய்லாந்தில் தமிழ்ப் பையன்களும் இருக்கிறார்கள். அங்கே குடியுரிமை இல்லாத பிற நாட்டுத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அட்டையின் நிறமும் ரோஸ். ரங்கூனில் எதற்காக அப்பா பத்து வருஷம் அலைந்தாரோ அதே நிறத்தில், நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று எழுதிய அட்டைக்காக மகன் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டில் வரிசையில் நிற்கிறான்.

இவர்களில் ஒருவன் நாளை தமிழிலேயே எழுதினால், அதை எங்கே அனுப்புவான்? சாகித்திய அகாதமி விருதுக்கு ஆசிரியர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்திய அரசின் விருது, அதற்கு அந்த வரையறை இருப்பதில் ஆச்சரியமில்லை. 2019-இல் திருத்திய இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு. பர்மாவும் இலங்கையும் இல்லை என்பதையும் இங்கே சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தனியார் இதழ்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் கவிதைப் போட்டிகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆதார் நகல் இணைக்கவும், நிரந்தர முகவரிச் சான்று இணைக்கவும் என்ற வரி படைப்புகளைக் கேட்கும் அறிவிப்புகளில் பழக்கத்தால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பரிசுப் பணம் அனுப்ப வங்கி விவரம் வேண்டும், அது சரி. அதைப் பரிசு கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் பெயர், தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல், கவிதை. இந்த மூன்றுக்கு மேல் முதல் சுற்றில் எதுவும் தேவைப்படாது. அந்தப் பெயரும் அவன் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும்.